பத்து நிமிடம் முந்திய யூனிக்ஸ்

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பிரிவில் இரண்டு மேனேஜர்கள் இருந்தார்கள். ஒருவர் மனிதர். இன்னொன்று பேக்கேஜ் மேனேஜர் என்று பெயர் கொண்ட ஒரு நிரல். சொன்ன வேலையைச் செய்தது இரண்டாவதுதான். அதற்குக் கண்ணாடி அறை கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

பினாங்கில், பாயான் பாருவை ஒட்டிய தொழிற்பேட்டையில், கணினிச் சில்லுகளைச் சோதித்துப் பெட்டியில் அடுக்கி அனுப்புகிற தொழிற்சாலை அது. சோதனைக் கருவிகள் நாள் முழுக்க எண்களைத் துப்பிக்கொண்டே இருக்கும். அந்த எண்களை அள்ளி, எத்தனை தேறியது, எத்தனை தேறவில்லை என்று ஒவ்வொரு ஷிப்டுக்கும் ரிப்போர்ட் தயாரிக்கும் நிரல்களை எழுதுவது என் வேலை. எல்லாம் ஒரே கணினியில் ஓடின. ஐஸ்பெட்டி அளவில், ஐஸ்பெட்டியைவிட அதிகச் சத்தத்தோடு, தனிக் குளிரறையில் நிற்கும் யூனிக்ஸ் இயந்திரம். அதை விற்றவர்கள் வருடா வருடம் வந்து, துடைத்துவிட்டு, ஒரு பெரிய பில்லை வைத்துவிட்டுப் போவார்கள்.

அந்த பில் ஒருநாள் தலைமையகத்தின் கண்ணில் பட்டுவிட்டது. ஐஸ்பெட்டியை ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டு, சாதாரண மேசைக் கணினிகளில் இலவசமாகக் கிடைக்கும் யூனிக்ஸ் போன்ற ஒன்றைப் போட்டு ஓட்டுங்கள் என்று உத்தரவு வந்தது. உத்தரவு போட்டவர்கள் எங்கள் நிரல்கள் எந்த மொழியில் எழுதப்பட்டவை என்று கேட்கவில்லை. அந்த மொழி புதிய இயந்திரத்தில் அப்படியே ஓடாது. முதலில் அந்த மொழியையே பிரித்துப் பூட்ட வேண்டும். பிறகு அதன் பேக்கேஜ் மேனேஜரையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். "சும்மா காப்பி பண்றதுதானே லா?" என்று கேட்டார் எங்கள் மேனேஜர். யூனிக்ஸ் என்ற பெயர் இரண்டு பக்கமும் வருவதால் அவருக்கு அது வீடு மாற்றுவது மாதிரி தெரிந்தது.

அந்த வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு மறுக்கும் வசதி இல்லை. நான் ஒப்பந்தத்தில் இருந்தேன், எங்கள் பேச்சில் சொன்னால் இன்னும் 'கன்ஃபர்ம்' ஆகவில்லை. ஒப்பந்தத்தை இரண்டு தடவை நீட்டியாகிவிட்டது. இந்த மாற்றம் ஒழுங்காக முடிந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் அடுத்த மாதத்தோடு வீட்டுக்கு என்று மேனேஜர் சுற்றி வளைக்காமல் சொன்னார். தபால் துறையில் காலம் தள்ளி ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கு, கன்ஃபர்ம் ஆகாத வேலை வேலையே அல்ல. தினமும் நான் செருப்பைக் கழற்றும்போதே, "கன்ஃபர்ம் ஆச்சா?" என்பார். எனக்குக் கல்யாணமும் ஆகியிருக்கவில்லை. ஆக, வீட்டில் என்னைப் பற்றி உறுதியாகாத விஷயங்கள் இரண்டு. கல்யாணத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்த வேலை மட்டும் எனக்கு வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது, நன்றாகவும் வந்தது.

மொழியை மாற்றுவது பெரும்பாலும் கெஞ்சல்தான். பழைய இயந்திரத்தின் கம்பைலருக்குப் புரிந்தது புதியதற்குப் புரியாது. அங்கே ஒரு பெயரில் இருக்கிற நிரல் நூலகம் இங்கே வேறு பெயரில், வேறு மூலையில் இருக்கும். பழையது எண்களைப் பெரிய பக்கத்திலிருந்து எழுதும், புதியது சின்னப் பக்கத்திலிருந்து எழுதும். ஒன்று எழுதியதை மற்றது தலைகீழாகப் படித்ததால், முதல் வாரம் எங்கள் ரிப்போர்ட்டில் பினாங்குத் தீவையே மூடும் அளவுக்குச் சில்லுகள் தேறின. மேனேஜர் அதைப் பார்த்து ஒரு கணம் சந்தோஷப்பட்டார் என்றே நினைக்கிறேன்.

ஒருவழியாக மொழி ஓட ஆரம்பித்தது. தொல்லை பேக்கேஜ் மேனேஜரில் வந்தது. நமக்கு ஒரு தொகுப்பு வேண்டுமென்றால் அதனிடம் சொல்ல வேண்டும். அது போய் எடுத்துவந்து, இதற்கு முன்னால் அது வேண்டும், அதற்கு முன்னால் இன்னொன்று வேண்டும் என்று தானே தேடிப் பிடித்து, வரிசையாகக் கட்டி, உரிய இடத்தில் வைக்கும். எங்கள் ரிப்போர்ட்டுகள் அப்படிப்பட்ட பல தொகுப்புகளின் தோளில் ஏறி நின்றன. அவற்றைப் புதிய இயந்திரத்தில் கட்டச் சொன்னால் அது பாதி தூரம் போய் நிற்கும். 'உன் கட்டுமானக் குறிப்பு பழையதாகிவிட்டது, புதிதாக எழுதிவிட்டேன், மறுபடி ஓட்டு' என்று சொல்லும். மறுபடி ஓட்டினால் மறுபடியும் அதையே சொல்லும். எத்தனை தடவை ஓட்டினாலும் அதே பதில். அரசாங்க கவுண்டரில் வரிசையில் நிற்கிறவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல.

எரிச்சல் அதோடு நிற்கவில்லை. வெறுத்துப்போய் எழுந்து கேண்டீனுக்குப் போய்விட்டு வந்து ஓட்டினால், ஒரு முனகலும் இல்லாமல் எல்லாம் கட்டி முடித்துவிடும். சரி, தீர்ந்தது என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் திருத்தினால் மறுபடியும் பழைய பல்லவி. திரும்பவும் கேண்டீன், திரும்பவும் சுகம். பிரிவில் இருந்தவர்களுக்கு இது வேடிக்கையாகிவிட்டது. "டீ குடிச்சிட்டு வாங்கக்கா, அதுக்கும் பிரேக் வேணும்ல," என்றார்கள். ஒருவர் அதன் தலையில் இழுத்து ஆற்றிய தே தாரேக் டீயில் ஒரு துளி தெளித்துப் பார்க்கச் சொன்னார். இன்னொருவர் திருநீறு பூசச் சொன்னார். படித்துப் பட்டம் வாங்கியவர்கள் எல்லோரும். நானும் ஒரு தரம் திருநீற்றை எடுத்துக்கொண்டு போனேன். மானிட்டரில் பூசிவிட்டு, யாரும் பார்க்குமுன் துடைத்துவிட்டேன்.

இந்த நேரத்தில் தலைமையகத்திலிருந்து ஒரு நிபுணர் வந்தார். அவர் நெக்டையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஓட்டினார், நின்றது. மறுபடி ஓட்டினார், நின்றது. மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்து ஓட்டினார், ஓடியது. இதிலிருந்து அவர் கண்டுபிடித்த உண்மை, இலவசமாகக் கிடைக்கிற எதுவும் நிலையாக ஓடாது என்பதுதான். தனக்குத் தெரிந்த ஒரு நிறுவனம் இதே வேலைக்கு நல்ல பொருள் விற்கிறது என்றும் சொன்னார். தைப்பூசம் கழிந்த வாரம் மறுபடி வருவதாகவும், அன்று தன் கண்ணெதிரே, இடையில் யாரும் டீ குடிக்கப் போகாமல், ஒரே மூச்சில் எல்லாத் தொகுப்புகளும் கட்டப்பட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். இல்லையென்றால் இந்தத் திட்டத்தை மூடிவிட்டு அந்தப் பொருளை வாங்கிவிடலாம். என்னையும் சேர்த்து மூடுவார்கள் என்பதை அவர் சொல்லவில்லை, மேனேஜர் பார்வையால் சொன்னார்.

மேனேஜரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவரும் எங்களைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குமாஸ்தாக் குடும்பம். அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்தவர். வெள்ளைக்காரன் இறங்கிப் போய் எத்தனையோ காலமாகியும் இந்தக் குடும்பங்களில் அவனுடைய வருகைப் பதிவு மட்டும் இறங்கிப் போகவில்லை. நேரம் தவறாமைதான் குலதெய்வம். வீட்டுக்கு வீடு சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே. அது பத்து நிமிடம் முந்தியது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் பார்க்கிற எல்லோரும் மனதுக்குள் பத்தைக் கழித்துவிட்டு, சாவகாசமாகவே நடப்பார்கள். முன்னால் தள்ளியதால் யார் எந்த இடத்துக்கு முந்திப் போனார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் ஒழுக்கம் என்பார்கள்.

அந்தத் தைப்பூசம் வந்தது. அண்ணனுக்குக் கல்யாணமாகிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அண்ணி தைப்பிங்கிலிருந்து வந்தவர். ஏழு மணிக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்ப வேண்டும் என்று அப்பா முதல்நாளே அறிவித்துவிட்டார். காலையில் நான் தலையைக் கூடப் பின்னி முடிக்கவில்லை, வாசலில் அண்ணியின் குரல் கேட்டது. அர்ச்சனைத் தட்டைக் கையில் ஏந்தி, சேலை கசங்காமல், கேட்டுக்கு வெளியே வெயில் ஏறும் முன்பே வியர்க்க நின்றுகொண்டிருந்தார். உள்ளே அப்பா சட்டை போடாமல் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார், அண்ணன் இன்னும் குளியலறையில்.

"ஏழு மணின்னு சொன்னீங்க. மணி ஏழு அடிச்சு எவ்வளவு நேரமாச்சு? ஒருத்தரும் வரக் காணோம்!" என்றார் அண்ணி. புது மருமகள் என்ற தயக்கம் அத்தோடு தீர்ந்தது.

"அது பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டும்மா," என்றார் அப்பா, கோப்பியை ஊதியபடி. "எல்லாருக்கும் தெரியுமே."

"எனக்கு யாரு சொன்னா?"

என் கையிலிருந்த சீப்பு அப்படியே நின்றுவிட்டது. அந்தப் புதுக் கணினிக்கு யார் சொன்னார்கள்?

குளிரறையில் நிற்கும் பழைய இயந்திரத்தின் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடியது. எங்கள் மேனேஜர் அதைத் தன் கையாலேயே தள்ளி வைத்திருந்தார், பல வருடங்களுக்கு முன்னால். அது ஒன்றும் ரகசியமில்லை. பிரிவில் எல்லோருக்கும் தெரியும். திரையில் எட்டேகால் என்று காட்டினால் நாங்கள் எட்டு ஐந்து என்றுதான் படிப்போம். கழிக்கிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாத அளவுக்குக் கழித்துப் பழகியிருந்தோம். அது தனியாக இருந்தவரை ஒரு கெடுதலும் இல்லை, தன் பொய்க்குள் தானே ஒழுங்காக வாழ்ந்தது. இப்போது மொழியின் அமைப்புக் கோப்புகள் பழைய இயந்திரத்தின் வட்டில் இருந்தன. கட்டி முடித்தவை புதிய இயந்திரத்தின் வட்டில் விழுந்தன. புதியதன் கடிகாரத்தை நான் வானொலிச் செய்தி மணியோசை கேட்டுச் சரியாக வைத்திருந்தேன். நான் ஒரு வரியைத் திருத்தினால், அது பத்து நிமிடம் கழித்துத் திருத்தப்பட்டதாகப் பழையது முத்திரை குத்தும். புதியது அந்த முத்திரையைப் பார்க்கும். நான் இப்போது கட்டியதைவிட இது புதியது, ஆகவே நான் கட்டியது பழசு, மறுபடி கட்டு என்று சொல்லும். அந்தப் பத்து நிமிடம் தீரும்வரை சொல்லிக்கொண்டே இருக்கும். டீ குடித்துவிட்டு வந்தால் தீர்ந்திருக்கும்.

கோப்புகளின் நேரத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருந்தேன். நிபுணரும் பார்த்தார், ஆனால் அவர் எதையும் பார்க்கிறவர் இல்லை. நான் பார்த்தபோதெல்லாம் என் குடும்ப வழக்கப்படி பத்தைக் கழித்துவிட்டுச் சரியாகத்தான் இருக்கிறது என்று நகர்ந்துவிட்டேன். அன்று தண்ணீர்மலைப் படிகளில் நான் முருகனை நினைத்ததாக யாராவது சொன்னால் அது பொய். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன. வேல் வேல் என்ற சத்தத்துக்கு நடுவே, பிழைத்தேன், பிழைத்தேன் என்று மட்டும் உள்ளே ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் மேனேஜரின் கண்ணாடி அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். பழைய இயந்திரத்தின் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு மாற்றிவிட்டால் போதும், எல்லாம் ஓடும் என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "அத எப்படி மாத்துறது?"

"ஒரு கமாண்ட்தான் சார்."

"அதில்லம்மா. ஏழு மணி ரிப்போர்ட் ஹெட் ஆபீஸுக்கு எத்தனை மணிக்குப் போவுது தெரியுமா? ஆறு அம்பதுக்கு. எல்லா பிளாண்ட்லயும் நம்மதுதான் ஃபர்ஸ்ட். போன வருஷம் மீட்டிங்ல பேர் சொல்லிப் பாராட்டுனாங்க."

ஷிப்டு ஏழு மணிக்குத்தான் முடிகிறது. ஆறு ஐம்பதுக்கே போய்விடுகிற ரிப்போர்ட்டில் கடைசிப் பத்து நிமிடச் சில்லுகள் இருக்காது, அவை அடுத்த ஷிப்டின் கணக்கில் விழும். இதைச் சொன்னேன். அடுத்த ஷிப்டின் கடைசிச் சில்லுகள் அதற்கடுத்த ஷிப்டில் விழும் என்றும், அதனால் கூட்டிக் கழித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் அவர் விளக்கினார். வருடக் கணக்கில் இந்தத் தொழிற்சாலை இப்படி ஓடியிருக்கிறது. அந்த அறையில் சுழன்றது நாற்காலி மட்டுமில்லை.

"டைம்னா டைம் லா," என்றார் முடிவாக. "புது மெஷினையும் பத்து நிமிஷம் முன்னாடி வச்சிருங்க. ரெண்டும் சேம் ஆயிடும். பிராப்ளம் சால்வ்டு."

என் வாழ்க்கையில் ஒரு முட்டாள்தனமான யோசனை இத்தனை சரியாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. இரண்டு இயந்திரங்களும் ஒரே பொய்யைச் சொன்னால் போதும், பேக்கேஜ் மேனேஜருக்கு உண்மை நேரம் எதற்கு? நான் போய், சரியாக இருந்த ஒரே கடிகாரத்தையும் கெடுத்தேன். அமைப்புக் கோப்பைத் திருத்தி உடனே ஓட்டினேன். முதல் தொகுப்பிலிருந்து கடைசித் தொகுப்புவரை தண்ணீர் மாதிரி ஓடியது. ஒரு மொழியையும் அதன் பேக்கேஜ் மேனேஜரையும் புது யூனிக்ஸுக்குக் கொண்டுபோவதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன். ரயில்வேக்காரர் மகனின் பத்து நிமிடத்தையும் சேர்த்தே கொண்டுபோயிருக்கிறேன்.

நிபுணர் சொன்னபடி வந்தார். நெக்டையைத் தோளில் போட்டார். அவருக்கு முன்னாலேயே ஒரு வரியைத் திருத்தி, நேராக ஓட்டிக் காட்டினேன். யாரும் டீ குடிக்கப் போகவில்லை. எல்லாம் கட்டி முடிந்ததும் அவர் கொஞ்சம் வருத்தத்தோடு, என்ன கோளாறு இருந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார், எப்போதும் போல. புதிய இயந்திரத்தின் கடிகாரம் பத்து நிமிடம் பிந்தி ஓடியதாகவும், அதைத் தான் கவனித்துச் சரிசெய்யச் சொன்னதாகவும் ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னார். நிபுணர் தலையாட்டினார். இலவச மென்பொருளில் கடிகாரங்கள் அப்படித்தான் என்றார். அவர் கையில் கட்டியிருந்த கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது, அதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. உண்மை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கன்ஃபர்ம் என்ற ஒரு சொல்லுக்காக அதை விழுங்கினேன். விழுங்கியது இன்னும் கசக்கிறது.

அன்று பின்னேரமே மேனேஜர் அழைத்தார். "கன்ஃபர்ம் பண்ணிட்டேன்," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதுவும் அவர் முன்னால். அவர் பெருந்தன்மையோடு காத்திருந்துவிட்டு, "ஒண்ணே ஒண்ணும்மா. இனிமே பெர்மனெண்ட் ஸ்டாஃப். டைம் கொஞ்சம் பாத்துக்குங்க. நீங்க டெய்லி பத்து நிமிஷம் லேட்," என்றார்.

நான் தினமும் எட்டு மணிக்குச் சரியாக வருகிறவள். கேட்டில் அட்டை குத்தும் கடிகாரம் சாட்சி. அவர் பார்ப்பது பத்து நிமிடம் முந்திய அந்தக் கணினித் திரையை. கலங்கிய கண் உடனே காய்ந்தது.

வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றும்போது அப்பா கேட்டார், ஆச்சு என்றேன். அவர் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றார். அம்மா கேசரி கிண்டினார். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தை எடுத்து முள்ளைப் பத்து நிமிடம் பின்னால் நகர்த்தினேன். இந்த ஊரில் ஒரு கடிகாரமாவது உண்மை சொல்லட்டும் என்று எல்லோரும் கேட்கச் சத்தமாகவே சொன்னேன். அண்ணி மட்டும் கை தட்டினார்.

மறுநாள் காலை நான் வழக்கம்போல எழுந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். நானே திருத்திய கடிகாரம்தான், அது எனக்குத் தெரியும். ஆனால் என் கண்ணும் காலும் அதைக் கேட்கவில்லை. இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்று அவை தாமாகவே முடிவு செய்துகொண்டன. மிச்சக் கேசரியைச் சாப்பிட்டு, பூ வைத்து, ஆற அமர ஜெலுத்தோங் முச்சந்திக்கு நடந்தேன். தொழிற்சாலை பஸ் போயிருந்தது. டாக்சி பிடித்து, வியர்க்க விறுவிறுக்க, நிரந்தர ஊழியராக என் முதல் நாளில், வாழ்க்கையிலேயே முதன்முறையாக நான் உண்மையிலேயே தாமதமாகப் போய் நின்றேன்.

மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து திரையைக் காட்டினார். அவருடைய முகத்தில் கோபமே இல்லை, அவ்வளவு திருப்தி.

"இருபது நிமிஷம் லேட். நேத்துதானே லா சொன்னேன்?"

அதில் பாதி உங்களுடையது என்று சொல்லியிருக்கலாம். மற்றப் பாதி என்னுடையது. அன்று மாலை வீட்டுக்குப் போனதும் நாற்காலியை மறுபடி இழுத்துப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தேன்.